கணினி அறியாத இருமா

திருவள்ளூர் ரயில் நிலையத்தில் இறங்கி, காக்களூர் சிட்கோ தொழிற்பேட்டைக்கு ஷேர் ஆட்டோவில் போகிறவர்களின் பையில் சிற்றிதழ் இருப்பது அரிது. அப்படி வைத்திருக்கும் ஓரிருவரில் நானும் ஒருவன். தரக்கட்டுப்பாடு என் பிழைப்பு. வாசிப்பு அதற்கு வெளியே நடப்பது. இரண்டையும் கலப்பதில்லை என்று பல ஆண்டுகளாக ஒரு விரதம் வைத்திருந்தேன். இன்று அதை முறிக்கிறேன். அண்மையில் நேர்ந்த ஒரு தவறுதான் காரணம். மேலோட்டமாகப் பார்த்தால் அது கணக்குத் தவறு. ஆனால் உ.வே.சாமிநாதையரின் பதிப்புகளைக் கையில் எடுத்தவர்களுக்கு அது வேறு விதமாக விளங்கும் என்று நம்புவதால் இங்கே எழுதத் துணிகிறேன்.

பட்டறையின் பெயர் வேண்டாம். 25 மில்லிமீட்டர் விட்டமுள்ள தண்டுகளை லேத்தில் கடைந்து கொடுப்பது அங்கே ஒரு வேலை. ஒவ்வொரு ஷிப்ட்டிலும் குறிப்பிட்ட இடைவெளியில் ஒரு தண்டை எடுத்து அளந்து பதிவேட்டில் எழுதவேண்டும். இப்படிப் பல எந்திரங்களுக்கும் சேர்ந்த மூன்றாண்டுப் பதிவேடு கணினியில் ஏற்றப்பட்டிருந்தது. அதை ‘ஆர்’ என்னும் புள்ளியியல் மொழியில் ஆராய்வதற்கு ஒரு இளைஞரை அமர்த்தியிருந்தார்கள். கெட்டிக்காரர். ஒருநாள் முகமெல்லாம் மலர என்னிடம் வந்தார்.

“சார், இருபது நிமிஷம் ஓடின கணக்கு இப்போ ஒரு நிமிஷத்துல முடியுது.”

“எப்படிச் செய்தீர்கள்?”

“பிளாஸை மாத்தினேன். அப்புறம், டேட்டாவுல நடுநடுவே காலி இடம் இருந்துச்சு சார். அது இருந்தா ஆர் மெதுவான வழியில போகுது. எல்லாத்தையும் பூஜ்யமாக்கிட்டேன்.”

இரண்டாவது வாக்கியத்தில்தான் விபரீதம் இருந்தது. அது எனக்கு உடனே உறைக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். வேகம் யாரைத்தான் மயக்காது?

அணிப் பெருக்கல் என்றால் என்ன என்று கேட்கக்கூடிய நண்பர்களுக்காகச் சில வரிகள். ஒரு வீட்டின் மளிகைப் பட்டியலை எடுத்துக்கொள்ளுங்கள். அரிசி இத்தனை, பருப்பு இத்தனை, எண்ணெய் இத்தனை. ஒவ்வொன்றையும் அதனதன் விலையால் பெருக்கிக் கூட்டினால் ஒரு தொகை வரும். இதையே ஆயிரம் வீடுகளுக்கு, ஆயிரம் பொருள்களுக்கு, ஆயிரம் கடைகளின் விலையில் செய்து பார்த்தால், எந்த வீட்டுக்கு எந்தக் கடையில் எவ்வளவு ஆகும் என்ற பத்து லட்சம் தொகைகள் கிடைக்கும். அணிப் பெருக்கல் இவ்வளவுதான். செய்யவேண்டிய பெருக்கல்கள் 100 கோடி, கூட்டல்களும் ஏறத்தாழ அவ்வளவே. (பள்ளிப் பாடநூலில் அணியின் படுக்கை வரிசை நிரை, செங்குத்து வரிசை நிரல். கணினியுலகில் ‘நிரல்’ வேறு பொருளில் வழங்குவதால் இங்கே புரோகிராம் என்றே எழுதுகிறேன். தனித்தமிழ் நண்பர்கள் பொறுத்தருள்க.)

புள்ளியியலில் இந்தப் பெருக்கல் இல்லாத மூலை கிடையாது. ஒரு தண்டின் விட்டம், நீளம், வட்டம் பிசகிய அளவு ஆகியவற்றைத் தனித்தனியே பாராமல் சேர்த்துப் பார்த்து, அது கூட்டத்திலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்று சொல்வதற்குப் பயன்படுவது மஹலனோபிஸ் தொலைவு. பிரசாந்த சந்திர மஹலனோபிஸ் 1936-இல் அதற்கு முழு வடிவம் கொடுத்தார். அவரது ஆர்வம் அப்போது மனிதர்களின் உடலளவுகளில் இருந்தது. எந்தச் சமூகக்குழு எதற்கு எவ்வளவு நெருக்கம் என்பது அவரது கேள்வி. அதே சூத்திரம் இன்று எந்திர உறுப்புகளைத் தரம்பிரிக்கிறது. அவர் நிறுவிய இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தின் அழைப்பில்தான் தரக்கட்டுப்பாட்டு வரைபடத்தின் தந்தையான வால்டர் ஷூஹார்ட் 1947-48-இல் இந்தியா வந்தார். ஜப்பானின் தகுச்சி 1954-55-இல் அங்கே வருகைப் பேராசிரியராக இருந்தார். காக்களூரில் எண்ணெய்க் கறை படிந்த ஒரு பதிவேட்டின் வம்சாவளி கல்கத்தாவுக்குப் போய்ச் சேர்கிறது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சற்றுப் பெருமிதம் உண்டு.

இன்னொரு செய்தி. 1953-இல் அதே நிறுவனத்தில் சமரேந்திர குமார் மித்ரா ஒரு கணிப்பொறியைக் கட்டினார். இந்தியாவில் வடிவமைத்துக் கட்டப்பட்ட முதல் கணிப்பொறிகளில் ஒன்று அது. பத்து மாறிகள் கொண்ட சமன்பாட்டுத் தொகுதியைத் தீர்ப்பது அதன் வேலை, அணிக் கணக்குதான். எண்களை இலக்கங்களாக வைத்துக்கொள்ளாமல் மின்னழுத்தமாக வைத்துக்கொண்ட எந்திரம் அது. விடை விரைவில் வரும். ஆனால் அந்த விடையின் துல்லியம் உள்ளே இருக்கும் மின்தடைகளின் துல்லியத்தைத் தாண்டமுடியாது. வேகமும் துல்லியமும் பிணங்கிக்கொள்வது இந்த நாட்டில் கணினி பிறந்த நாளிலிருந்தே உள்ளது.

துல்லியம் எங்கே தொலைகிறது என்பதைப் பட்டறைத் தண்டுகளைக் கொண்டே காட்டிவிடலாம். ஐந்து தண்டுகள். விட்டம் முறையே 24.998, 24.999, 25.000, 25.001, 25.002 மில்லிமீட்டர். இவற்றின் பரவலைக் காணப் பாடநூல்கள் ஒரு குறுக்குவழி தருகின்றன: ஒவ்வொன்றையும் வர்க்கப்படுத்திக் கூட்டு, சராசரியின் வர்க்கத்தை ஐந்தால் பெருக்கி அதிலிருந்து கழி. முதல் தொகை 3125.00001. இரண்டாவது 3125. வித்தியாசம் 0.00001. நமக்கு வேண்டிய முழு உண்மையும் அந்தக் கடைசி இலக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. இதை எட்டு இலக்கம் மட்டும் கொள்ளும் கால்குலேட்டரில் போட்டுப் பாருங்கள். இரண்டு தொகைகளும் 3125.0000 என்றே வரும். கழித்தால் பூச்சியம். ஐந்து தண்டுகளும் அச்சில் வார்த்ததுபோல ஒரே அளவு என்று கால்குலேட்டர் சாதிக்கும். எக்செல்லும் 2003-ஆம் ஆண்டுப் பதிப்பு வரும்வரை திட்ட விலக்கத்தை இந்தக் குறுக்குவழியில்தான் கணக்கிட்டது. அதற்குப் பதினாறு இலக்கம் இருந்ததால் பெரும்பாலான நாள்களில் அகப்பட்டுக்கொள்ளாமல் தப்பித்தது.

ஆனால் பட்டறையில் தண்டை அளக்கிறவர் இதைச் செய்வதே இல்லை. அவர் ஒரு மாதிரித் தண்டை வைத்து டயல் கேஜின் முள்ளைப் பூச்சியத்துக்குக் கொண்டுவருகிறார். பிறகு ஒவ்வொரு தண்டும் அதிலிருந்து எத்தனை மைக்ரான் கூட, எத்தனை மைக்ரான் குறைவு என்று மட்டும் எழுதுகிறார். மைனஸ் இரண்டு, மைனஸ் ஒன்று, பூச்சியம், பிளஸ் ஒன்று, பிளஸ் இரண்டு. வர்க்கங்களின் தொகை 10. நான்கால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் 1.58 மைக்ரான். மனக்கணக்காகவே போட்டுவிடலாம், ஒரு இலக்கம்கூடத் தொலையாது. எண்ணியல் பகுப்பாய்வு நூல்கள் அத்தியாயம் அத்தியாயமாக வற்புறுத்துகிற உபாயம் இதுதான்: பெரிய பொதுப்பகுதியை முதலிலேயே கழித்துவிடு, பிறகு பெருக்கு. எட்டாம் வகுப்போடு நிறுத்தியவர் இதைக் கேஜின் முள்ளில் வைத்திருக்கிறார்.

இனி ஒரு சிறிய விலகல். நம் பழைய பின்ன அளவைகள் பலருக்கு நினைவிருக்கலாம். கால், அரைக்கால், வீசம் எனப்படும் மாகாணி ஆகியவை முறையே நாலில், எட்டில், பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி 320-இல் ஒன்று. இன்னும் இறங்கினால் கீழ்முந்திரி 1,02,400-இல் ஒன்று. இம்மி 10,75,200-இல் ஒன்று. ‘இம்மி பிசகாமல்’ என்று சொல்லும்போது நாம் பத்து லட்சத்தில் ஒன்றுக்கும் குறைவான பிழையைப் பற்றிப் பேசுகிறோம் என்பது நமக்கே தெரிவதில்லை. திண்ணைப் பள்ளிச் சிறுவர்கள் எண்சுவடியின் வாய்பாடுகளை உரக்கச் சொல்லிச் சொல்லி மனத்தில் ஏற்றிக்கொண்டார்கள்.

கணினியிடம் இந்த அளவைகளைக் கொடுத்தால் சுவையான ஒன்று நடக்கிறது. அது இரண்டால் மட்டுமே எண்ணும். ஆகவே கால், அரைக்கால், வீசம் மூன்றும் அதற்கு அப்பழுக்கின்றிப் புரியும். மா புரியாது. காணியும் முந்திரியும்கூடப் புரியாது. இருபதிலும் எண்பதிலும் முந்நூற்றிருபதிலும் ஒளிந்திருக்கும் ஐந்து அதற்கு எட்டாத எண். மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதிக்கொண்டே போகவேண்டியிருப்பதுபோல, இருமாவை, அதாவது பத்தில் ஒன்றை, கணினி முடிவின்றி எழுதவேண்டும்; 53 இரும இலக்கத்தோடு வெட்டி முடிச்சுப் போட்டுவிடுகிறது. பத்து இருமாவை ஒவ்வொன்றாகக் கூட்டிப் பாருங்கள். ஒன்று வராது. 0.9999999999999999 வரும். திண்ணைப் பள்ளிச் சட்டாம்பிள்ளை கேட்டிருந்தால் கணினியைக் கோதண்டத்தில் ஏற்றியிருப்பான்.

எல்லாக் கணினிகளும் இப்படியிருந்தவை அல்ல. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 1620 பத்தின் அடிப்படையில் எண்ணியது. எண்ணுக்கு எத்தனை இலக்கம் என்பதைப் பயன்படுத்துபவரே தீர்மானிக்கலாம். அதன் முதல் வடிவத்தில் கூட்டலுக்கென்று தனி மின்சுற்றுகூட இல்லை; கூட்டல் வாய்பாட்டையும் பெருக்கல் வாய்பாட்டையும் நினைவகத்தில் ஏற்றிவைத்து, ஒவ்வொரு முறையும் பார்த்துச் சொல்லும். எண்சுவடி மனப்பாடம் செய்த பிள்ளையேதான்! அந்த எந்திரத்தில் ஒரு தலைமுறைக்கு ஃபார்ட்ரான் கற்பித்தவர் ஈரோட்டில் பிறந்த வி.ராஜாராமன். எண்ணியல் முறைகள் குறித்து அவர் எழுதிய பாடநூலின் வழியாகத்தான் என்னைப் போன்ற பலர், கணினி தரும் விடையிலும் பிழை இருக்கும் என்பதை முதன்முதலாக அறிந்தோம். 1620-க்குப் பத்து இருமா சரியாக ஒன்றுதான். ஆனால் மிக மெதுவான எந்திரம். இன்றைய கைப்பேசியோடு ஒப்பிடக்கூட முடியாது.

வேகத்துக்கு வருவோம். அணிப் பெருக்கலை மூன்று சுற்றுகளாக எழுதுவது கல்லூரி முதலாண்டுப் பயிற்சி. அதே நூறு கோடிப் பெருக்கலை, அதே கணினியில், பத்து மடங்கும் அதற்கு மேலும் விரைவாகச் செய்யும் தொகுப்புகள் உண்டு. இவற்றுக்குப் பொதுப்பெயர் பிளாஸ். 1979-இல் தொடங்கி, 1990-இல் அணிகளை அணிகளால் பெருக்கும் பகுதி வரையறுக்கப்பட்டது. இதில் பெரும்பங்காற்றிய ஜாக் டோங்காராவுக்கு 2021-ஆம் ஆண்டின் டூரிங் விருது கிடைத்தது. வேகத்தின் உச்சியைத் தொட்டவர் என்று பெயரெடுத்தவர் ஜப்பானியக் காப்புரிமை அலுவலகத்தில் பணிபுரிந்த கசுஷிகே கோட்டோ. அவர் பெருக்கலை விரைவுபடுத்தவில்லை. எண்களை எடுத்துவரும் நடையைக் குறைத்தார். லேத்காரர் ஒவ்வொரு வெட்டுக்கும் ஸ்டோருக்கு நடந்துபோய்க் கருவி வாங்கிவந்தால் எத்தனை தண்டு முடியும்? வேண்டியவற்றை முன்கூட்டியே பெஞ்சில் வரிசையாக அடுக்கிக்கொள்ளவேண்டும். கோட்டோ அணியைச் சிறு கட்டங்களாக வெட்டி, செயலிக்கு அருகிலுள்ள நினைவகத்தில் அந்தக் கட்டங்கள் சரியாகப் பொருந்தும்படி அடுக்கினார். 2008-இல் வான் டி கெய்ன் என்பவருடன் சேர்ந்து அந்த நுணுக்கத்தைக் கட்டுரையாகவும் வெளியிட்டார். அவருடைய தொகுப்பின் வழித்தோன்றல்தான் இன்று பலரும் பயன்படுத்தும் ஓப்பன்பிளாஸ். நம் இளைஞர் மாற்றிக்கொண்டதும் அதைத்தான்.

(பெருக்கல்களின் எண்ணிக்கையையே குறைக்கும் இன்னொரு பாதையும் உண்டு. 1969-இல் ஸ்ட்ராசன், இரண்டுக்கு இரண்டு அணிகளை எட்டுப் பெருக்கல்களுக்குப் பதில் ஏழிலேயே பெருக்கமுடியும் என்று காட்டினார். 2022-இல் ஆல்ஃபாடென்சர் செய்தித்தாள்களில் அடிபட்டதும் இந்தப் பந்தயத்தில்தான். இவ்வழியில் பிழைக் கட்டுப்பாடு தளர்வானது. பெரிய எண்களின் அருகே இருக்கும் சிறிய எண் பாதிக்கப்படும். அன்றாடப் புள்ளியியலில் இதற்கு வேலையில்லை என்பதால் கடந்து செல்கிறேன்.)

கோட்டோவின் வழியில் துல்லியம் குறைகிறதா? குறைகிறது என்று ஒரு பொதுவான அச்சம் உண்டு. நானும் அப்படித்தான் எண்ணியிருந்தேன். அது பிழை. கூட்டும் வரிசை மாறுவதால் கடைசி இலக்கம் மாறுவது உண்மை. கணினியில் 0.1, 0.2, 0.3 மூன்றையும் முன்னிருந்து கூட்டினால் 0.6000000000000001; பின்னிருந்து கூட்டினால் 0.6. எத்தனை கோர்களில் கணக்கு ஓடுகிறது என்பதைப் பொறுத்துக்கூட விடை நடுங்கும். ஆனால் சிறு கட்டங்களாகப் பிரித்துக் கூட்டிப் பின் கட்டங்களைக் கூட்டும்போது, ஒரே மூச்சில் நீளமாகக் கூட்டுவதைவிடப் பிழை குறைவாகச் சேர்வதே வழக்கம். ஆகவே வேகத்தைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நான் தயாரில்லை. விவகாரம் வேறு இடத்தில் இருக்கிறது.

‘ஆர்’ மொழியை வடிவமைத்தவர்கள் அந்த இடத்தை அறிந்திருக்கிறார்கள். 2017-இல் வந்த 3.4 பதிப்பில் ‘மேட்பிராட்’ என்றொரு தேர்வைச் சேர்த்தார்கள். அதில் ஒன்றைத் தேர்ந்தால் ஆர் தன் சொந்த மூன்று சுற்று முறையில், வசதி இருந்தால் கூடுதல் இலக்கங்களோடு, மெதுவாகப் பெருக்கும். இன்னொன்றைத் தேர்ந்தால் எதையும் சோதிக்காமல் எல்லாவற்றையும் பிளாஸிடம் ஒப்படைக்கும். மிகுந்த எச்சரிக்கையோடு மட்டுமே இதைப் பயன்படுத்துக என்று கையேடே சொல்கிறது. இயல்பு நிலை இவற்றுக்கு நடுவே இருக்கிறது: அணியில் காலியிடம் இருக்கக்கூடுமா என்று முதலில் பார்க்கும், இல்லையென்றால் பிளாஸ், இருந்தால் மெதுவான வழி.

காலியிடத்துக்கு ஏன் இவ்வளவு பயம்? ஆரில் அளக்கப்படாத மதிப்பை ‘என்.ஏ.’ என்று குறிப்பார்கள். உள்ளே அது ‘எண்ணல்லாதது’ என்னும் ஒரு விசேஷ மதிப்பு. மற்ற எண்ணல்லாதவற்றிலிருந்து பிரித்தறிய அதன் வயிற்றில் 1954 என்ற அடையாள எண்ணைச் சுமந்திருக்கும். 1985-ஆம் ஆண்டின் மிதவைப்புள்ளித் தர நிர்ணயப்படி, எண்ணல்லாததை எதனால் பெருக்கினாலும், பூச்சியத்தால் பெருக்கினாலும்கூட, விடை எண்ணல்லாததே. தெரியாதது எதனோடு சேர்ந்தாலும் தெரியாததுதான். ஆனால் பிளாஸின் பழைய மூலப்பிரதியில் ஒரு சிக்கனம் இருந்தது. பெருக்கும் எண் பூச்சியமாக இருந்தால் மற்றதைப் பாராமலே தாண்டிப் போய்விடும். பெருக்கல் ஒன்று மிச்சம். அந்தச் சிக்கனத்தில் ‘தெரியாது’ என்ற குரல் அமுங்கிப்போகும். விடை ஒழுங்கான எண்ணாக வந்து நிற்கும். எது காணாமற்போனது என்பதற்குத் தடயமே இராது.

புறநானூற்றை நினைத்துக்கொள்ளுங்கள். 267, 268 ஆகிய இரண்டு பாடல்களும் நமக்குக் கிடைக்கவில்லை. 1894-இல் அந்நூலைப் பதிப்பித்த ஐயர் நினைத்திருந்தால் 269-ஐ 267 ஆக்கி, வரிசையை இறுக்கி, காலியிடம் இல்லாத அழகான புத்தகமாகக் கொடுத்திருக்கலாம். செய்யவில்லை. எண்கள் வெறுமையாக நிற்கின்றன. சிதைந்த அடிகளில் புள்ளிகள் நிற்கின்றன. பதிற்றுப்பத்தில் முதற்பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. இருந்தும் இரண்டாம் பத்தை இரண்டாம் பத்து என்றே அழைக்கிறோம். அந்தப் புள்ளிகளும் வெற்றெண்களும் நம் வாசிப்பை மெதுவாக்குகின்றன. பதிப்பாசிரியர் அவற்றைத் தம் கற்பனையால் நிரப்பியிருந்தால் படிப்பது எளிதாகியிருக்கும். அப்படி நிரப்பிய பதிப்புகளின் கதி என்னவென்று இங்கே நான் சொல்லவேண்டியதில்லை.

இப்போது பட்டறைக்குத் திரும்பலாம். டயல் கேஜ் முறையில் எழுதுவது கணக்குக்கு எவ்வளவு நல்லது என்று மேலே புகழ்ந்தேன் அல்லவா? அதில் ஒரு கண்ணி உண்டு. 25.000 என்று எழுதும் பதிவேட்டில் காலியிடத்தைப் பூச்சியமாக்கினால் உடனே தெரிந்துவிடும். விட்டமே இல்லாத தண்டு உலகில் இல்லை. விலகலை மட்டும் எழுதும் பதிவேட்டிலோ பூச்சியம் என்றால் ‘இம்மி பிசகாத தண்டு’ என்று பொருள். இரவு ஷிப்ட்டில் கேஜ் சரிபார்ப்புக்குப் போயிருந்த நாள்களில், அங்கே வேலைபார்த்தவர் கட்டங்களைக் காலியாக விட்டிருந்தார். அளக்காததை அளந்ததாக எழுத அவருக்கு மனம் வரவில்லை. இளைஞரின் ஒரு வரி, அந்த நேர்மையை உலகின் மிகச்சிறந்த தண்டுகளாக மாற்றிவிட்டது. பரவல் சுருங்கியது. எந்திரத்தின் திறன் குறியீடு ஏறியது. ஸ்பிண்டில் பேரிங் தேய்ந்துகொண்டிருந்தது அறிக்கையில் தெரியவே இல்லை. வாடிக்கையாளரிடமிருந்து ஒரு லாட் முழுவதும் ரிஜெக்ட் ஆகித் திரும்பி வந்தபோது, “எந்திரம் பிரமாதமாக இருக்கிறது என்று கணினியே சொல்கிறது, ஆகவே தவறு ஆள் செய்தது” என்று முடிவு கட்டினார்கள். இரவு ஷிப்ட்டுக்காரருக்கு மெமோ கொடுத்தார்கள்.

இளைஞரைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. அவருக்குக் கற்பித்தவர்கள், எத்தனை விநாடியில் முடிந்தது என்று கேட்டிருக்கிறார்கள். காலியிடங்களை என்ன செய்தாய் என்று கேட்டிருக்கமாட்டார்கள். ஆர் குறித்து நம் ஊர்ப் பயிற்சி வகுப்புகளில் பேசுகிறவர்கள் முதலில் காட்டுவது பந்தய அட்டவணையைத்தான்: இந்தத் தொகுப்பு இத்தனை மடங்கு வேகம், அந்தத் தொகுப்பு இத்தனை மடங்கு. ஆரே எங்கெல்லாம் வேண்டுமென்று மெதுவாகப் போகிறது என்பதை யாரும் காட்டுவதில்லை. சராசரி காணும்போது அது ஒருமுறை கூட்டி வகுத்துவிட்டு, மறுபடி எல்லா எண்களையும் சுற்றிவந்து, விலகல்களைக் கூட்டித் திருத்திக்கொள்கிறது. தொடர்புப் போக்குக் கோடு காண, அணியைத் தன் நிரை நிரல் மாற்று அணியால் பெருக்கித் தீர்க்கும் சுருக்கமான பாடநூல் வழி இருந்தும், அதை விட்டு அணியைச் செங்குத்துத் திசைகளாகப் பிரிக்கும் நீண்ட வழியில் போகிறது.

நீண்ட வழிக்குக் காரணம் வேண்டுமானால் 1967-ஐப் பாருங்கள். ஜேம்ஸ் லாங்லி என்பவர் அமெரிக்க வேலைவாய்ப்பு குறித்த, 1947 முதல் 1962 வரையிலான வெறும் 16 வரித் தரவை எடுத்து, அக்காலத்துப் புள்ளியியல் புரோகிராம்கள் பலவற்றில் ஓட்டினார். ஒன்றோடொன்று பொருந்தாத விடைகள் வந்தன. ஆண்டும், மக்கள்தொகையும், உற்பத்தியும் சேர்ந்தே ஏறுகிற தரவு அது. ஒன்றை மற்றதிலிருந்து பிரித்தறிவது கடினம். அந்தக் கடினத்தை அளக்கும் எண் அத்தரவுக்கு ஏறத்தாழ 486 கோடி. பாடநூல் வழியில் அணியைத் தன்னோடு பெருக்கினால் அந்த எண் வர்க்கமாகி, இருபது இலக்கத்துக்குப் போய்விடும். கணினியிடம் இருப்பதோ பதினாறு இலக்கம். பெருக்கலை எவ்வளவு விரைவாக, எவ்வளவு துல்லியமாகச் செய்தால் என்ன? பெருக்க முடிவெடுத்த கணத்திலேயே பண்டம் கைவிட்டுப் போய்விட்டது. லாங்லியின் தரவு இன்றும் ஆரோடு கூடவே வருகிறது. விரும்புகிறவர்கள் வீட்டிலேயே சோதித்துக்கொள்ளலாம்.

பட்டறைக்கு மூன்று தசமம் போதும், பதினாறாவது இலக்கத்தைப் பற்றி எதற்குக் கவலை என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்விதான். கடைசி இலக்க நடுக்கத்தைப் பற்றி நானும் கவலைப்படவில்லை. இரண்டு கணினிகள் பதினைந்தாவது இலக்கத்தில் வேறுபட்டால் தூக்கம் கெடத் தேவையில்லை. செயற்கை நுண்ணறிவுக்காரர்கள் இன்று மூன்று நான்கு இலக்கத் துல்லியத்திலேயே அணிகளைப் பெருக்கித் தள்ளுகிறார்கள். அவர்கள் வேலைக்கு அது போதும். என் குறை, அளவுகளைப் பதிவேட்டில் ஏற்றும் முறையும், காலியிடத்துக்குத் தரும் பொருளும், எதை எதனால் பெருக்குவது என்ற முடிவும் யாருடைய பொறுப்பிலும் இல்லாமல் கிடப்பதைப் பற்றியது. பெருக்கலின் வேகம் மட்டும் எல்லோருடைய பொறுப்பிலும் இருக்கிறது.

அன்று நான் செய்தது இவ்வளவுதான். பூச்சியமாக்கும் அந்த வரியை நீக்கிவிட்டு ஓட்டச் சொன்னேன். பல எந்திரங்களின் விடை எண்ணாக வராமல் என்.ஏ. என்றே வந்தது. இளைஞர் முகம் சுண்டிப்போனது. அளந்த கட்டங்களை மட்டும் கொண்டு பரவலைக் கண்டபோது, லாட் திரும்பி வருவதற்கு முந்தைய வாரங்களில் அது ஏறிக்கொண்டே போயிருப்பது தெரிந்தது. கணக்கு ஓடி முடிய இருபத்திரண்டு நிமிடம் ஆயிற்று. பேரிங்கை மாற்றினார்கள். மெமோவைத் திரும்பப் பெற்றதாக எழுத்தில் எதுவும் தரவில்லை. கோப்பில் அது இன்னும் இருக்கக்கூடும்.

இரவு ஷிப்ட்டுக்காரர் அதன் பிறகு கட்டங்களைக் காலியாக விடுவதில்லை. கேஜ் இல்லாத நாளில் ஒவ்வொரு கட்டத்திலும் ‘அளக்கவில்லை’ என்று முழுச் சொல்லாக எழுதுகிறார். பதிவேட்டைத் தட்டச்சு செய்கிற பெண்ணும் அதை அப்படியே அடித்துவிடுகிறார். எண்கள் இருக்கவேண்டிய இடத்தில் எழுத்துகள் வந்துவிடுவதால், அணிப் பெருக்கலுக்கு வரும்போது புரோகிராம் பிழைச் செய்தி காட்டி நின்றுவிடுகிறது. “ஒவ்வொரு மாசமும் இதே தொல்லை சார், அண்ணன்கிட்ட நீங்க சொல்லக்கூடாதா?” என்று இளைஞர் கேட்டுக்கொண்டிருக்கிறார். நான் இன்னும் சொல்லவில்லை.